தாம்பாளத்துக்கு வராத கால்கள்

இந்த மாலைப் பொழுதுக்கு மகுடமாய் நடுநாயகமாய் வீற்றிருக்கும் அவைத் தலைவர், உயர்திரு ராஜன் அவர்களே! மகளிர் பகுதியை மலர்ந்த முகத்தோடும் மாறாத கண்டிப்போடும் நடத்திவரும் புஷ்பவல்லி அம்மையார் அவர்களே! பேச்சு எப்படிப் போனாலும் பிரியாணி நன்றாக இருக்க வேண்டும் என்று அக்கறையோடு சமைத்துக் கொண்டுவந்திருக்கும் அன்புச் சகோதரர் அகமது அவர்களே! ஆன்றோரே, சான்றோரே, எங்களைப் பெற்றெடுத்த தாய்மார்களே! லிஃப்ட் பழுதான இந்தப் பிரிக்பீல்ட்ஸ் கட்டடத்தில் படியேறி, மூச்சு வாங்கி, முகம் துடைத்து வந்து அமர்ந்திருக்கும் முத்தான நெஞ்சங்களே! உங்களையெல்லாம் சுமந்துகொண்டு வந்துவிட்டு, நாற்காலிக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் ஒடுங்கிக் கிடக்கும் உங்கள் கால்களே! உங்கள் அனைவருக்கும் கிள்ளான் சுகுமாறனின் கனிவான வணக்கம்.

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். சுகுமாறன் மேடை ஏறினால் மொழியைப் பற்றிப் பேசுவான், மானத்தைப் பற்றிப் பேசுவான், மைக்காரர் வயரைப் பிடுங்கும் வரைக்கும் பேசுவான் என்று நம்பி வந்தவர்கள் நீங்கள். அழைப்பிதழில் என் பெயருக்கு நேராகச் 'சேற்றுப்புண்' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர் போன் போட்டார். "என்னலா மாறன், ஒனக்கு வேற டைட்டிலே கெடைக்கலியா? சபையில நின்னு கால் வெரல் இடுக்கைப் பத்தியா பேசப் போற?" என்றார். ஆமாம் ஐயா! விரல் இடுக்கைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அரைகுறையாக அல்ல, ஆற அமரப் பேசப் போகிறேன். அரசாங்கக் கிளினிக்கில் மெடிக்கல் அசிஸ்டன்டாக ஆயுளில் பாதியைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். பேசுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறது. அதைவிடப் பெரிதாய் ஒரு வருத்தம் இருக்கிறது.

காலைப் போற்றாத கூட்டமா நாம்? கடவுளைப் பாடினால் திருவடியைப் பாடுகிறோம். பெரியவர்களைக் கண்டால் பாதத்தில் பணிகிறோம். வீட்டுக்கு வந்த மருமகளை வலது காலை எடுத்து வைத்து வாம்மா என்கிறோம். பிறந்த குழந்தையின் பிஞ்சுப் பாதத்தைக் கன்னத்தில் ஒற்றிக் கண் கலங்குகிறோம். ஆனால், பகலெல்லாம் பூட்ஸுக்குள் வெந்து, வேர்த்து, வெளுத்துப் போய் வீடு திரும்பும் ஒரு மனிதனின் காலை நாம் பார்த்திருக்கிறோமா? கட்டிய மனைவி பார்த்தாளா? பெற்ற பிள்ளை பார்த்தானா? அவனாவது தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டானா? அங்கே மூன்றாவது வரிசையில் ஓர் அங்கிள் காலை மெதுவாக உள்ளே இழுக்கிறார். இழுக்காதீர்கள் அங்கிள், நான் உங்களைச் சொல்லவில்லை.

சேற்றுப்புண் என்கிறோம் நாம். வயலில் இறங்கிச் சேற்றில் நின்றவர்களுக்கு வந்ததால் அந்தப் பெயர். பக்கத்து வீட்டு மலாய்க்கார அண்ணன் கூத்து ஆயேர் என்கிறார், தண்ணீர்ப் பேன் என்று அர்த்தம். சேறு எங்கே இருக்கிறது கிள்ளானில்? பேன் எங்கே இருக்கிறது காலில்? இது பூஞ்சை, தாய்மார்களே, வெறும் பூஞ்சை! நீங்கள் மறந்து வைத்த ரொட்டியில் பச்சையாகப் படர்கிறதே, அந்த வகையறா. அதற்கு வேண்டியது மூன்றே மூன்று: இருட்டு, ஈரம், இளஞ்சூடு. இந்த மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துக் கயிறு கட்டி இறுக்கினால் அதற்குப் பேர்தான் சேஃப்டி பூட்ஸ். சுண்டு விரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவே தோல் வெளுக்கும், உரியும், வெடிக்கும், அரிக்கும். எப்படி அரிக்கும் என்று நான் சொல்ல வேண்டாம், வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

இது குணமாகாத நோயா? இல்லை. கொல்லும் நோயா? பெரும்பாலும் இல்லை. பிறகு எதற்கு இந்தப் பேச்சு? எதற்கு இந்தப் பெருமூச்சு? சொல்கிறேன், கேளுங்கள்.

கிள்ளானில் என் வீட்டுச் சுவருக்கு அடுத்த சுவர் கன்னையா அண்ணன் வீடு. துறைமுகத்தில் கன்டேனர் யார்டில் வேலை பார்ப்பவர். அவருடைய கதையை அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். "பேரைச் சொல்லவா அண்ணே?" என்று கேட்டேன். "சொல்லுலா. இன்னும் என்ன மறைக்க?" என்றார். அந்த ஒரு பதிலைச் சொல்லும் நிலைக்கு அவர் வந்து சேர்வதற்குள் என்னென்ன போய்விட்டது!

மழையில் நனைந்த பூட்ஸ் மறுநாள் காய்ந்திருக்குமா? காயாது. அதையே போட்டுக்கொண்டு போவார். வெயிலில் உள்ளே வேகும், மழையில் உள்ளே ஊறும். விரலிடுக்கில் அரிப்பு வந்தது. வந்த அன்றே வந்து என்னிடம் காட்டியிருக்கலாம். கண் உறுத்தினால் காட்டுவார், கழுத்து பிடித்தால் காட்டுவார், கடைவாய்ப் பல் வலித்தால்கூட வாயைத் திறந்து காட்டுவார். காலை மட்டும் காட்டவில்லை. ஏன் என்று கேட்கிறீர்களா? அது நாற்றமடித்தது, ஐயா. நாறுகிற ஒன்றை ஒரு மனிதனிடம் எப்படிக் காட்டுவது என்று அவர் கூசினார்.

சரி, காட்டவில்லை. சும்மாவாவது இருந்தாரா? வெந்நீரில் உப்பைக் கொட்டி ஊறவைத்தார். ஊறிய காலைத் துடைக்காமல் உறையைப் போட்டார். பாசார் மாலத்தில், அதான் இரவுச் சந்தையில், பேர் இல்லாத டப்பாவில் ஒரு களிம்பு விற்றார்கள், வாங்கிப் பூசினார். இரண்டு நாளில் அரிப்பு பறந்தது. ஆஹா என்றார்! விட்ட பிறகு இரண்டு பங்காக வந்தது. அதில் ஸ்டிராய்டு கலந்திருக்கும். அது அரிப்பைத்தான் அடக்கும், பூஞ்சையை அடக்காது. பூஞ்சை இன்னும் கொழுக்கும். இப்படித்தான் பாதம் முழுக்கப் பரவியது.

இனிமேல்தான் நம்முடைய பழக்கம் உள்ளே வருகிறது. கவனமாகக் கேளுங்கள். இந்த நாட்டில் யார் வீட்டுக்குள்ளாவது செருப்போடு நுழைவோமா? நம் வீடானாலும் சரி, மலாய்க்காரர் வீடானாலும் சரி, சீனர் வீடானாலும் சரி, வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் காலை மறைக்கிற மனிதனுக்கு ஒவ்வொரு வாசலும் ஒரு சோதனை அல்லவா? கன்னையா அண்ணன் காது குத்துக்குப் போனால் கேட்டுக்கு வெளியே நின்று மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். துக்கத்துக்குப் போனால் பந்தலிலேயே நின்றுவிடுவார். "திமிரு புடிச்ச மனுசன், வீட்டுக்குள்ளயே வர மாட்டாரு" என்றார்கள் ஊரார். கோயிலுக்கு வெறுங்காலோடு போக வேண்டுமே? கோயிலுக்குப் போவதையும் நிறுத்தினார். "சாமி பக்தி போச்சு" என்றார்கள். பக்தி போகவில்லை, தாய்மார்களே! வெள்ளிக்கிழமை சாயந்தரம் கோயில் மதிலுக்கு வெளியே பூட்ஸோடு நின்று, உள்ளே மணி அடிக்கும்போது கை கூப்பிய மனிதர் அவர். அதை நானே பார்த்தேன். வேலைக்குப் போகிற அவசரம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய ஒரே மகள் விஷ்ணுப்ரியா. பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் வேலை. அங்கேயே விமலன் என்ற ஒரு தங்கமான பையனைப் பிடித்துப்போயிற்று. வசதியான குடும்பம். ஆரம்பத்தில் கன்னையா அண்ணன், "அவ்வளவு பெரிய எடம் நமக்கு எதுக்கும்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டார். எல்லாத் தகப்பனும் கேட்கிற வார்த்தைதான். பிறகு சம்மதித்தார், சந்தோஷமாகவே சம்மதித்தார். ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்குப் பேசப் போன அன்று என்ன நடந்தது? அவர்கள் வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டார். "நீங்க போங்க, சூப்பர்வைசர் பேசுறாரு" என்றார். பேச்சு முடிந்து தட்டு மாறி இவர்கள் வெளியே வரும் வரைக்கும் அந்த போன் அவர் காதை விட்டு இறங்கவில்லை. சம்பந்தியம்மா சிரித்த முகத்தோடு டீயைக் கேட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். அந்தச் சிரிப்புக்கு அடியில் இருந்த மனத்தாங்கல் விஷ்ணுப்ரியாவுக்குப் புரிந்தது. அப்பாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லை என்று அவள் மனதில் அன்றைக்கு விழுந்தது.

கல்யாண நாள் வந்தது. கிள்ளானில் மண்டபம். நம் கல்யாணத்தில் பாதபூஜை உண்டு, உங்களுக்குத் தெரியும். பெற்றவர்கள் இருவரும் நாற்காலியில் அமர்ந்து, காலைத் தாம்பாளத்தில் வைக்க, பிள்ளை பாலும் நீரும் ஊற்றிக் கழுவி, சந்தனமும் குங்குமமும் இட்டு, பூப்போட்டு, விழுந்து கும்பிட வேண்டும். வளர்த்ததற்கு நன்றி சொல்லும் நேரம் அது. எத்தனை கல்யாணத்தில் அதைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன்! கன்னையா அண்ணன் அந்த நேரத்தைத்தான் நடுங்கிக்கொண்டு எதிர்பார்த்திருந்தார். மகள் கை தன் காலில் படும். படுவதற்குள் இதைச் சுத்தம் பண்ணியாக வேண்டும். என்ன செய்தார் தெரியுமா? முதல் நாள் துணி வெளுக்கிற பிளீச்சை வாளியில் ஊற்றிக் காலை உள்ளே விட்டார். வெடித்த தோலில் பிளீச்! கால் வெளுக்கவில்லை ஐயா, வெந்துபோனது. கொப்புளம் கிளம்பி, உடைந்து, நீர் வடிந்தது.

மறுநாள் பட்டு வேட்டிக்குக் கீழே கறுப்பு ஷூவும் காலுறையும் போட்டுக்கொண்டு மண்டப வாசலில் நின்று வந்தவர்களையெல்லாம் வரவேற்றார். பார்த்தவர்கள் நமட்டுச் சிரிப்பு சிரித்தார்கள். மேடையில் ஐயர், "பொண்ணோட அப்பா, அம்மா வாங்கோ" என்றார். அண்ணன் மனைவி இராஜம்மா அக்கா போய் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலி காலி. மைக்கில் அறிவிப்பாளர், "மணமகளின் அன்புத் தந்தையார், அருமைத் தந்தையார், ஆருயிர்த் தந்தையார் மணமேடைக்கு வரவும்" என்று அடுக்கினார். அடுக்க அடுக்க மண்டபமே வாசல் பக்கம் திரும்பியது. வாசலில் அவர் இல்லை.

இராஜம்மா அக்காவின் தம்பியும் நானும் தேடிக்கொண்டு ஓடினோம். கார் நிறுத்துமிடத்தில், ஒரு வேனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், என்ன இது? பிள்ளை மேடையில நிக்குது!"

"நீ போய் ஒக்காருலா. நீ தாய்மாமன்தானே. எனக்குத் தலை சுத்துது."

நாடி பிடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஷூவைக் கழற்றிவிட்டால் காற்றாவது படுமே என்று குனிந்தேன். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டு, "வேணாம்! தொடாத!" என்று கத்தினார். அப்படி அவர் என்னிடம் கத்தியதே இல்லை. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. கோபம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

தாய்மாமன் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். விஷ்ணுப்ரியா அவர் காலைக் கழுவினாள். பாலும் நீரும் ஊற்றினாள், பூவும் போட்டாள். மாப்பிள்ளை வீட்டார் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டே எல்லாம் செய்தாள். சடங்கு முடிந்தது, தாலி ஏறியது, சாப்பாடு நடந்தது. கிளம்பும்போது அப்பாவிடம் வந்தாள். அவள் சொன்னதை நான் கேட்டேன். "புடிக்கலன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ப்பா. இத்தனை பேரு முன்னாடி இப்படிச் செஞ்சிருக்க வேணாம்" என்றாள். அவர் தன் கறுப்பு ஷூவையே பார்த்தார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மகளே, என் காலில் புண்ணம்மா என்றால் முடிந்தது. சொல்ல வரவில்லை அவருக்கு. பட்டும் பவுனும் பளபளக்க நிற்கிற பெட்டாலிங் ஜெயா சம்பந்திகளுக்கு முன்னால், கால் நாறுகிற தகப்பனாக நிற்பதைவிடக் கோபக்காரத் தகப்பனாக நின்றுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார்.

அந்த முடிவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. தண்ணீர் கொடுங்கள் தம்பி. நன்றி.

அதற்குப் பிறகு மகள் வரவில்லை. கிள்ளானுக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கும் என்ன தூரம்? ஃபெடரல் ஹைவேயில் ஜாம் இல்லாவிட்டால் ஐந்தாறு பாட்டுக் கேட்டு முடிப்பதற்குள் வந்துவிடலாம். தீபாவளிக்கு மாப்பிள்ளை மட்டும் வந்து முறுக்கு டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனார். இராஜம்மா அக்கா நடுவில் கிடந்து தவித்தார். அவருக்குத் தெரியும். காலுறையைத் துவைக்கிறவருக்குத் தெரியாமல் இருக்குமா? "யாருகிட்டயும் சொன்னே, நான் இந்த வீட்டுலயே இருக்க மாட்டேன்" என்று புருஷன் சொல்லிவிட்டார். அக்கா வாயை மூடிக்கொண்டார்.

மழைக்காலம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இராஜம்மா அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "தம்பி, அவரு திட்டுனாலும் பரவால்ல, கொஞ்சம் வந்து பாருங்க" என்றார். போனேன். காய்ச்சலில் கிடந்தார். காலுறை தோலோடு ஒட்டிப்போயிருந்தது. தண்ணீர் ஊற்றி ஊற்றி எடுத்தேன். விரலிடுக்கு வெடிப்பில் தொடங்கிய சிவப்பு முழங்காலுக்குக் கீழ் வரைக்கும் ஏறியிருந்தது. பூஞ்சை கதவைத் திறந்து வைத்தது, கிருமி உள்ளே புகுந்துவிட்டது. சர்க்கரையும் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. சர்க்கரை உள்ளவர்களே, காதைக் கொடுத்துக் கேளுங்கள்: உங்களுக்குச் சேற்றுப்புண் சின்ன விஷயம் அல்ல. வீக்கமோ சிவப்போ காய்ச்சலோ வந்தால் நாள் பார்க்காதீர்கள், நட்சத்திரம் பார்க்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள்! கன்னையா அண்ணனுக்குக் கால் தப்பியது. டாக்டர்கள் தப்பவைத்தார்கள்.

வார்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எல்லாவற்றையும் சொன்னார். போன், பிளீச், வேன், எல்லாம். "இதை மகள்கிட்ட சொல்லுங்க அண்ணே" என்றேன்.

"எப்படிலா சொல்லுவேன்? வெரலு இடுக்குல புண்ணு, அதான் வரலன்னு சொன்னா, இவ்வளவுதானாப்பான்னு கேப்பா. அவ கோவமா இருக்கறதத் தாங்கிக்கலாம். அதைத் தாங்க முடியாது."

இராஜம்மா அக்கா காத்திருக்கவில்லை. மகளுக்குப் போன் செய்து கொட்டித் தீர்த்துவிட்டார். சாயந்தரம் விஷ்ணுப்ரியா வந்தாள். கட்டில் ஓரத்தில் நின்று, கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். அவர் போர்வையை இழுத்து மூடப் பார்த்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவுதானாப்பா?" என்றாள். அவர் எதைக் கேட்கக் கூடாது என்று பயந்தாரோ, அதையேதான் கேட்டாள். திட்டவில்லை. அழுதுகொண்டே கேட்டாள்.

இவ்வளவுதான், ஐயா. இவ்வளவேதான்! கிருமி அடங்கியதும் பூஞ்சைக்கு என்ன வைத்தியம் செய்தார்கள் தெரியுமா? விரல் நீளத்தில் ஒரு ட்யூப். பின்வரிசையில் ஒரு தம்பி, "கிரீம் பேரைச் சொல்லுங்கண்ணே" என்கிறார். சொல்கிறேன். குளோட்ரிமசோல் என்று இருக்கிறது, டெர்பினஃபைன் என்று இருக்கிறது. பேர் வாயில் நுழையாவிட்டால் மருந்துக் கடையில் போய், கால் பூஞ்சைக்கு மருந்து என்று கேளுங்கள், எடுத்துத் தருவார்கள். காலைக் கழுவி, விரலிடுக்கை நன்றாகத் துடைத்து, காயவிட்டு, மெல்லிசாகத் தடவ வேண்டும். புண்ணைச் சுற்றியும் தடவ வேண்டும். எங்கே தப்பு செய்கிறோம் தெரியுமா? அரிப்பு நின்றதும் ட்யூபைத் தூக்கி அலமாரியில் போட்டுவிடுகிறோம். அரிப்பு போனாலும் பூஞ்சை போயிருக்காது. அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு வாரம், தாளில் போட்டிருக்கிறபடி, தடவிக்கொண்டே இருக்க வேண்டும். நகத்துக்குள் புகுந்து நகம் மஞ்சளாய்த் தடித்துவிட்டால் கிரீம் போதாது, டாக்டரிடம் போங்கள். போயும் ஆறாவிட்டால் மறுபடி போங்கள்.

கன்னையா அண்ணனுக்குக் கால் ஆறியது. ஆறி அழகானது! அப்புறம் என்ன, கதை சுபம்தானே என்று கிளம்பப் பார்க்கிறீர்கள். தலைவரும் மணியில் கையை வைக்கிறார். கொஞ்சம் பொறுங்கள் தலைவரே.

விஷ்ணுப்ரியாவுக்கு வளைகாப்பு வைத்தார்கள், பெட்டாலிங் ஜெயா வீட்டில். நானும் போயிருந்தேன். கன்னையா அண்ணன் வாசலில் நின்றார், குனிந்தார், செருப்பைக் கழற்றினார், வெறுங்காலோடு மகள் வீட்டுப் படியை ஏறினார். முதல் முறையாக ஏறினார்! வளையல் அடுக்கி முடிந்ததும், அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் ஒரு தாம்பாளத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அப்பாவையும் அம்மாவையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். சம்பந்தியம்மாவே பால் செம்பை எடுத்துக் கொடுத்தார். கழுவினாள். விரல் இடுக்கில் எல்லாம் விரலை விட்டுக் கழுவினாள். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு நெஞ்சு நிறைந்தது. அவருக்கு நிறைந்திருக்க வேண்டும் அல்லவா? வெளியே வந்து மாமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். "சந்தோஷம்தானே அண்ணே?" என்றேன்.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "சந்தோஷம்தான்லா. இன்னைக்குக் கழுவுனது என் மக. அன்னைக்குக் கழுவ வேண்டியது கல்யாணப் பொண்ணு. மாலையும் பூவுமா, செம்பைக் கையில புடிச்சிக்கிட்டு, அப்பா வருவாரு வருவாருன்னு வாசலையே பார்த்துக்கிட்டு நின்னுச்சே, அந்தப் பொண்ணுகிட்ட நான் எப்ப போய் ஒக்காருவேன்?"

சொல்லுங்கள் அவையோரே! எந்த மருந்துக் கடையில் இருக்கிறது அதற்கு மருந்து? எந்த டாக்டர் எழுதித் தருவார் அதற்குச் சீட்டு? புண்ணுக்கு ட்யூப் இருக்கிறது. போன நேரத்துக்கு என்ன இருக்கிறது? அந்தக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் தகப்பன் இடத்தில் தாய்மாமன் சிரித்துக்கொண்டிருப்பார், அந்த வீட்டில் அதை யாரும் எடுத்துப் பார்ப்பதே இல்லை. நடந்ததெல்லாம் எதனால்? வெளியே சொல்ல வெட்கம். கேட்க வேண்டியவர்களுக்கு, கேட்பதற்குப் பதிலாகக் கோபம். திமிர் என்றோம், பக்தி போச்சு என்றோம், சம்பந்தம் பிடிக்கவில்லை என்றோம். என்னய்யா காலில் என்று ஒருவராவது கேட்டோமா?

ஆகவே அன்புகூர்ந்து கேட்கிறேன், அடிபணிந்து கேட்கிறேன். குளித்தால் விரலிடுக்கைத் துடையுங்கள், முகத்தைத் துடைக்கிற அதே அக்கறையோடு துடையுங்கள். கால் துண்டைத் தனியாக வையுங்கள். ஒரு துண்டால் வீடே துடைத்தால் வீட்டுக்கே வரும், தொடையிடுக்குக்கும் ஏறும். நனைந்த பூட்ஸை நன்றாகக் காயாமல் மறுபடி போடாதீர்கள். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு ஒன்று காயும்போது ஒன்றைப் போடுங்கள். காலுறையைத் தினமும் மாற்றுங்கள். இங்கே முதலாளிமார்களும் இருக்கிறீர்கள். அகமது அண்ணே, உங்கள் கடையில் பாத்திரம் கழுவுகிற பெண்கள் ரப்பர் பூட்ஸுக்குள் நாள் முழுக்க நிற்கிறார்களே, அவர்களுக்கு மாற்று ஜோடி உண்டா? தலையை ஆட்டுகிறார். உண்டு என்கிறார். மகராசனாக இருங்கள். பொதுக் குளியலறையில் ஜப்பான் சிலிப்பரை, அந்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் சிலிப்பரைப் போடுங்கள், அடுத்தவருடையதைப் போடாதீர்கள். பிளீச்சைத் துணிக்கு வையுங்கள், தோலுக்கு வைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள்! வேர்வை சிந்தி உழைத்த காலுக்கு வந்த புண்ணய்யா அது. அதில் என்ன அவமானம் இருக்கிறது?

நான் இன்னும் கொஞ்சம் தயார் செய்து வந்திருந்தேன். அங்கே ஓர் அம்மா கையைத் தூக்குகிறார். நல்லம்மாள் அக்காதானே? சொல்லுங்கள் அக்கா. மைக் வேண்டாமா? சரி, சத்தமாகச் சொல்லுங்கள். கொஞ்சம் அமைதியாக இருங்கள் ஐயா, அந்தம்மா பேசட்டும்.

"எங்க வீட்டுக்காரரும் போன வருசத்துலேருந்து யாரு வீட்டுக்கும் வர்றதில்ல. கோயிலுக்குக் கூப்புட்டாலும் வர்றதில்ல. வீட்டுக்குள்ளயே சாக்ஸு போட்டுக்கிட்டுத்தான் நடக்குறாரு. நானும் திமிரு திமிருன்னு..."

உட்காருங்கள் அக்கா. அழாதீர்கள். தண்ணீர் கொடுங்கள் அந்தம்மாவுக்கு. பக்கத்தில் இருக்கிறவர்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

இல்லை அக்கா, உட்கார வேண்டாம். கிளம்புங்கள். பிரியாணியை யாராவது கட்டிக் கொடுங்கள், இரண்டு பேருக்குக் கட்டுங்கள். வீட்டுக்குப் போய் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று சண்டை பிடிக்காதீர்கள். இவ்வளவுதானா என்றும் கேட்டுவிடாதீர்கள். கொஞ்சம் காலைக் காட்டுங்க என்று மட்டும் கேளுங்கள். காலையில் கிளினிக்குக்கு நானே கூட வருகிறேன். உங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண் உண்டு அல்லவா? அந்தப் பிள்ளையின் கல்யாணத்துக்கு அவர் வந்து உட்காரட்டும்.

வழி விடுங்கள் ஐயா, அக்கா போகட்டும்.

இதற்கு மேல் பேச எனக்கும் வரவில்லை, பேசவும் தேவையில்லை. பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், கண் கலங்கிய தாய்மார்க்கும், மணியைக் கடைசி வரைக்கும் அடிக்காத தலைவர்க்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வீடு போய்ச் சேருங்கள், நலமாக இருங்கள். வணக்கம்.